பின்பக்கம் வெள்ளை

கீழவெளி வீதியில், பேராலயத்துக்கு நாலு கடை தள்ளி
எங்கள் அச்சகம்.
பதினோரு வருடமாக அங்கே நான்
பிழை பார்க்கிறேன்.

முதல் வாரமே முதலாளி சொல்லிவிட்டார்:
மாப்பிள்ளை பெயர் மாறினால்கூடச் சமாளித்துவிடலாம் கோமதி,
சாமியார் பெயருக்கு முன்னால் இருப்பது மாறினால்
அடுத்த திருவிழா நோட்டீஸ்
ஆரப்பாளையத்து அச்சகத்துக்குப் போய்விடும்.

கற்றுக்கொண்டேன்.
உதவிப் பங்குக்கு அருட்தந்தை போதும்.
முதன்மைக் குரு என்றால் பேரருட்தந்தை,
அதில் இரண்டு 'ர' வரும், ஒன்றைத் தின்றுவிடக் கூடாது.
மேதகு வந்தால் எழுத்து இரண்டு புள்ளி பெரிது,
படம் நடுவில்.
நரிமேட்டிலிருந்து வருகிறவர்களுக்கும் பேராயர் உண்டு.
இங்கே பேராயருக்குக் கீழே ஆயர்கள்.
அங்கே ஆயர் என்றால் தெருமுனைச் சபையின் போதகர்.
ஒரே சொல், ஏணி வேறு.
கோப்பு மாறிப்போய்
ஒருவரை ஒரே இரவில் பதவி இறக்கியிருக்கிறேன்.
ஆயிரம் சுவரொட்டி. சம்பளத்தில் பிடித்தம்.

ஆயர் என்று தட்டும்போது சிரிப்பு வரும் எனக்கு.
சிம்மக்கல்லில் சைக்கிளில் பால் ஊற்றிய
என் அப்பா வேலுக்கோனும் ஆயர்தான்.
யாரும் மேதகு போட்டதில்லை.
மாடு மட்டும்
அவர் குரலுக்குத் திரும்பும்.

இலக்கணப்படி அது அருட்டந்தை.
ளகர ஒற்றும் தகரமும் சேர்ந்தால் அப்படித்தான்.
ஒரு முறை திருத்திக் கொடுத்தேன்.
கோயில்பிள்ளை தொம்மையப்பன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு,
'எங்க தந்தை யாரைம்மா அருட்டுறாரு?' என்றார்.
மூன்று நாள் சண்டை. பிழையோடே அச்சானது.
கட்டைத் தூக்கிக்கொண்டு வாசலில் இறங்கியவர்
போனில் சொன்னார்:
'சாமி, நோட்டீஸ் ரெடி.'

போன மே மாதம்
சிஸ்டர் சலேத் ஆட்டோவில் வந்து இறங்கினார்,
மடியில் ஓர் அட்டைப்பெட்டி.
ஆறு வருடம் மடத்துக்குத் தலைவி.
மதர் என்றுதான் கூப்பிடுவோம்.
பெட்டி நிறைய முகவரித் தாள், நானூறு மிச்சம்.
மேலே அவர் பெயர், அடியில் இல்லத் தலைவி.
நான் மூன்று தடவை மெய்ப்புப் பார்த்தது.

'காலம் முடிஞ்சிருச்சு கோமதி.
திங்கக்கிழமை புது மதர் வர்றாங்க.
எனக்கு விடுதிச் சமையக்கட்டு, பருப்புக் கணக்கு.
இத நாலா வெட்டி
பிள்ளைகளுக்கு ரஃப் நோட்டாத் தச்சுக் குடுங்க.
பின்பக்கம் வெள்ளைதான?'

வருத்தமா என்று கேட்க வந்தேன். கேட்கவில்லை.
மதர் என்பதா சிஸ்டர் என்பதா தெரியாமல்
உட்காருங்க என்றேன்,
முன்னாலும் பின்னாலும் ஒன்றுமில்லாமல்.

கத்தி இறங்கியது.
இல்லம் ஒரு கட்டில் விழுந்தது,
தலைவி இன்னொரு கட்டில்.
மடித்த ஓரத்தை விரலால் நீவிக்கொண்டிருந்தார்,
சமையல்காரியின் விரல் மாதிரி ஏற்கெனவே மஞ்சள்.

கைப்பேசி அடித்தது. கையில் தாள்,
அதனால் சத்தமாகப் போட்டார்.
ராயப்பன்பட்டி. திராட்சைப் பந்தலில் காற்று.
'ஏம்மா, சாப்டியா?'
சட்டென்று நிமிர்ந்தார், ஆள் எதிரில் நிற்பதுபோல.
'இன்னும் இல்லப்பா.'
'சாப்புடும்மா.'

கிழவருக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது
பதவி முடிந்தது என்று.
சொன்னால் மட்டும்
எதை மாற்றிக் கூப்பிடுவார்?

நூற்று நாற்பது ரூபாய்.
ரசீதில் பெயர் என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது.
'சும்மா சலேத்துன்னு போடுங்க.'
போட்டேன்.
கடைசி எழுத்துக்குப் புள்ளி வைக்க மறந்து,
அவர் ஆட்டோவில் ஏறிய பிறகு
என் நகலில் மட்டும் வைத்தேன்.